உருமாற்றம்: கறிவேப்பிலைப் புழு முதல் அகலிகை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன?

பெரும்பாலும் எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பழுப்பும் வெள்ளையுமாக, ஈரம் காயாத எச்சம் போலவே இருக்கும். தின்னவரும் பறவையை ஏமாற்றத்தான் அந்த வேடம். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா ஆகியவற்றிலும் இவை வளரும். இவை எல்லாம் கறிவேப்பிலையோடு ஒரே குடும்பம்.

ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட பருவம் ஒரு வளர்நிலை. புழுவுக்கு ஐந்து வளர்நிலைகள். முதல் நான்கிலும் எச்ச வேடம். நான்காவது முறை தோலுரித்ததும் பச்சையாகிவிடும். உடல் பெருத்தபின் எச்ச வேடம் எடுபடாது, இலையின் நிறமே காப்பு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சுச் சிவப்பில் இரண்டாகப் பிரிந்த கொம்பு ஒன்று வெளியே வரும், காட்டமான வாடை அடிக்கும். எறும்பையும் சிறு பூச்சிகளையும் விரட்டும் சுரப்பி அது. நமக்கு அரிப்போ கொப்புளமோ வராது. இந்தப் புழுக்களைக் கம்பளிப்பூச்சி என்று நினைத்து மிதிப்பவர்கள்தான் அதிகம். அரிப்புத் தரும் கம்பளிப்பூச்சிக்கு உடல் முழுக்க மயிர் இருக்கும், இதற்கு இல்லை.

முட்டையிலிருந்து பறக்கும் வரை எத்தனை நாள்?

சமவெளி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதம். முட்டை 3 முதல் 5 நாள், புழு இரண்டு முதல் மூன்று வாரம், கூட்டுப்புழு 8 முதல் 12 நாள். பூச்சியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பின்பற்றுவதால் மார்கழியிலும் மலைப்பகுதியிலும் இந்தக் கணக்கு நீளும். 12 நாள் தாண்டியும் கூடு அப்படியே இருந்தால் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். இன்னும் பத்து நாளாவது பொறுங்கள்.

வீட்டில் வளர்த்துப் பார்க்க என்ன வேண்டும்?

மருந்தடிக்காத செடி ஒன்று. அது இல்லாமல் தொடங்க வேண்டாம். கடையில் வாங்கும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்தின் மிச்சம் இருக்க வாய்ப்பு அதிகம். கழுவினாலும் முழுதும் போகாது. அதைத் தின்ற புழு சில மணி நேரத்தில் பச்சை நீரைக் கக்கி, உடலை முறுக்கிக்கொண்டு சாகும். வீட்டில் வளர்ப்பவர்களின் புழு மொத்தமாகச் சாவதற்கு முதல் காரணம் இதுதான்.

முட்டையைக் கொழுந்து இலையில் தேடுங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவு, வெளிர் மஞ்சள், உருண்டை, ஒவ்வொன்றாகத் தனித்தனியே இடப்பட்டிருக்கும். முட்டையைக் கிள்ளி எடுக்காமல் இலையோடு எடுக்க வேண்டும். வெளிவரும் புழுவின் முதல் உணவு அந்த முட்டையின் ஓடுதான்.

பாத்திரமாக ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். வாய்க்கு மூடி போடாமல் மெல்லிய துணியை ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். அடியில் காகிதம் விரித்தால் எச்சத்தை அள்ளுவது எளிது. கொழுந்துக் கிளையைச் சிறு மருந்துக் குப்பித் தண்ணீரில் நிறுத்தி, குப்பியின் வாயைப் பஞ்சால் இறுக அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் புழு காம்பைப் பிடித்தபடியே கீழே இறங்கித் தண்ணீரில் மூழ்கிச் சாகும். ஒரு டப்பாவுக்கு இரண்டு மூன்று புழுவுக்கு மேல் வேண்டாம். எலுமிச்சையில் வளர்ந்த புழுவுக்கு நடுவில் கறிவேப்பிலை கொடுத்தால் சில சமயம் தின்ன மறுக்கும். தொடங்கிய செடியிலேயே முடிப்பது நல்லது.

தின்னும் இலையில் பெரும்பகுதி ஐந்தாம் வளர்நிலையில்தான் உள்ளே போகிறது. முதல் வாரம் இலை மீந்துகிடப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒன்றரை அடிச் செடியில் மூன்று புழு இருந்தால் கடைசி நான்கைந்து நாளில் ஈர்க்குதான் மிஞ்சும். வேரூன்றிய கறிவேப்பிலை மறுபடி துளிர்த்துவிடும், நாற்றுக்குத்தான் ஆபத்து.

புழு கறுத்து, தொங்கி, கூழாகச் செத்துக் கிடக்கிறது. ஏன்?

நுண்ணுயிர் நோய். ஈரமும் எச்சமும் நெரிசலும் சேர்ந்தால் வரும். கழுவிய இலையை ஈரத்தோடு போடுவதும், எச்சத்தை இரண்டு மூன்று நாள் அள்ளாமல் விடுவதும், டப்பாவை நேர் வெயிலில் வைத்து உள்ளே வியர்க்கவிடுவதும் இதை வரவழைக்கும். செத்ததை உடனே அகற்றுங்கள். மற்றவற்றைப் புதிய டப்பாவுக்கு மாற்றுங்கள். பழைய டப்பாவைச் சோப்பிலும் நீர்த்த பிளீச்சிங் கரைசலிலும் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே திரும்பப் பயன்படுத்த வேண்டும். நோய் வந்த புழுவைக் காப்பாற்ற வழி இல்லை.

புழு ஒரு நாளாக அசையாமல் இருக்கிறது. நோயா?

தோலுரிக்கப் போகிறது என்றால் அப்படித்தான் இருக்கும். புழு இலைமேல் மெல்லிய பட்டு விரிப்பைப் பின்னி அதில் காலை ஊன்றிக்கொள்ளும். அந்தப் பிடி இருந்தால்தான் பழைய தோலைவிட்டு முன்னே நகர முடியும். ‘இலை வாடிவிட்டதே’ என்று இந்த நேரத்தில் புழுவைப் பிய்த்துப் புதிய இலையில் விட்டால் பிடி போய்விடும், பழைய தோல் பின்பகுதியில் சிக்கி இறுக்கும். இலையை மாற்றத்தான் வேண்டுமென்றால் புழு உட்கார்ந்திருக்கும் துண்டை அப்படியே வெட்டிப் புதிய இலைமேல் வைத்துவிடுங்கள்.

கூடு கட்டப்போவது எப்படித் தெரியும்?

தின்பது நிற்கும். வயிற்றைக் காலி செய்ய, வழக்கமான உருண்டை எச்சத்துக்குப் பதில் நீர்த்த எச்சம் ஒன்று போடும். பேதி என்று பயப்பட வேண்டாம். பிறகு டப்பா முழுக்க அலையும். அப்போது உள்ளே ஒரு சுள்ளியைச் சாய்வாக நிறுத்துங்கள். புழு அதில் வாலை ஊன்றி, தோளைச் சுற்றி ஒரு பட்டு நூலைப் பின்னிச் சாய்ந்துகொள்ளும். ஏறத்தாழ ஒரு நாள் கழித்துக் கடைசித் தோல் உரிந்து கூட்டுப்புழு வெளிப்படும். பச்சையா பழுப்பா என்பது அது ஒட்டிய இடத்தைப் பொறுத்தது: பசுமைக்கு நடுவே பச்சை, காய்ந்த சுள்ளியில் பெரும்பாலும் பழுப்பு.

எல்லா இனமும் இப்படித் தோள்நூல் கட்டுவதில்லை. எருக்கில் வளரும் வெந்தய வரியன் வாலை மட்டும் ஒட்டித் தலைகீழாகத் தொங்கும்.

கூடு கழன்று விழுந்துவிட்டது. என்ன செய்வது?

விழுந்த மாத்திரத்தில் சாகாது. சுவரோரம் சொரசொரப்பான துணியையோ அட்டையையோ நிமிர்த்தி, அதன் அடியில் மெத்தென்ற காகிதத்தில் கூட்டைக் கிடத்துங்கள். வெளிவரும் பூச்சி உடனே ஏறிப் பிடிக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். வாலில் பட்டு ஒட்டியிருந்தால் அந்தப் பட்டு இழையை மட்டும் ஒரு பொட்டுப் பசையால் சுள்ளியில் ஒட்டலாம். பசை உடம்பில் படக்கூடாது. தோலுரித்து ஒரு நாள் ஆகாத கூடு இளந்தோலாக இருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

வெளிவரக் கஷ்டப்படுகிறதே, கூட்டைப் பிரித்து உதவலாமா?

கூடாது. வெளிவந்த பூச்சியின் சிறகு கசங்கிய சிறு துண்டாக இருக்கும். அது உயரத்தில் தொங்கியபடி உடலின் திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் அழுத்தி ஏற்ற வேண்டும். பத்து இருபது நிமிடத்தில் சிறகு விரிந்துவிடும். பிறகு காய்ந்து விறைக்க ஓரிரு மணி நேரம். கீழே தொங்க இடமில்லாமலோ, பிடி நழுவியோ, நீங்கள் கையில் எடுத்துப் பார்த்ததாலோ அந்தப் பத்து நிமிடம் வீணானால் சிறகு கோணலாகவே காய்ந்துவிடும். அதற்கு மேல் சரிசெய்ய முடியாது. ஆகவே கூட்டுக்குக் கீழே சிறகின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு வெற்றிடம் இருக்கிறதா என்பதை முந்தின நாளே பாருங்கள். கூடு கறுத்துச் சிறகின் கோலம் வெளியே தெரிந்தால் மறுநாள், பெரும்பாலும் காலையில், வெளிவரும்.

வெளிவந்ததும் சிந்தும் செம்பழுப்பு நீர் இரத்தம் அல்ல. கூட்டுக்குள் இருந்த நாட்களின் கழிவு. உறிஞ்சுகுழலைச் சுருட்டிச் சுருட்டி விரிப்பதையும் கவனியுங்கள். அது இரண்டு தனி இழைகளாகத்தான் வெளிவருகிறது. அந்த அசைவில்தான் இரண்டும் ஒரே குழலாகப் பொருந்துகின்றன.

கூட்டுக்குள் புழு முழுக்கக் கரைந்து கூழாகிவிடுகிறதாமே?

பாதி உண்மை. புழுவின் தசைகளும் குடலும் பெருமளவு சிதைகின்றன, உண்மைதான். ஆனால் மூச்சுக்குழல்கள், நரம்பு மண்டலம், முதுகோர இதயம் ஆகியவை மாற்றியமைக்கப்பட்டுத் தொடர்கின்றன. மான்செஸ்டரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் ஒரே கூட்டுப்புழுவை உயிரோடு பல நாட்களில் திரும்பத் திரும்ப சி.டி. ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். மூச்சுக்குழல் அமைப்பு தொடக்கத்திலேயே தெளிவாகத் தெரிந்தது.

அதைவிட முக்கியமானது: சிறகும் காலும் உணர்கொம்பும் கூட்டுக்குள் திடீரென முளைப்பவை அல்ல. அவற்றுக்கான உயிரணுத் திட்டுகள் புழுவின் தோலுக்கடியில் ஏற்கெனவே இருக்கின்றன. கடைசி வளர்நிலையில் வேகமாகப் பெருகுகின்றன. ஸ்கேன் இல்லாமலே இதைப் பார்க்கலாம். புதிதாக உரிந்த கூட்டுப்புழுவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சிறகு, உணர்கொம்பு, உறிஞ்சுகுழல் மூன்றின் விளிம்பும் கூட்டின் மேற்பரப்பிலேயே வரைந்தாற்போல் இருக்கும். புழு மறைந்து சில நிமிடம்தான் ஆகியிருக்கும், பூச்சியின் வரைபடம் அதற்குள் தயார். உருமாற்றத்தை ‘செத்துப் பிறத்தல்’ என்று எழுதுபவர்கள் இந்த ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

வண்ணத்துப்பூச்சிக் கூட்டிலிருந்து குட்டிக் குளவிகள் வந்தன. எப்படி?

ஒட்டுண்ணிக் குளவிகள். சில இனங்கள் புழுவிலும், சில இனங்கள் தோல் இறுகாத புதுக் கூட்டிலும் முட்டை இடும். குளவிப் புழுக்கள் உள்ளே தின்று வளர்ந்து, சிறு வட்டத் துளையிட்டு வெளியேறும். ஒரு கூட்டிலிருந்து பல பத்துக் குளவிகள் வருவதும் உண்டு. கூடு நிறம் மங்கி, லேசாகத் தொட்டாலும் வயிற்றை அசைக்காமல் இருந்தால் சந்தேகப்படலாம். சில ஈக்களும் இதே வேலையைச் செய்யும். அப்போது கூட்டிலிருந்து வெள்ளைப் புழு நூல் விட்டு இறங்கும். முட்டையிலிருந்தே துணி மூடிய டப்பாவில் வளர்த்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. செடியில் பெரிதான புழுவை எடுத்துவந்தால் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரலாம்.

‘குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும்’ என்பதும் இதுதானா?

ஏறக்குறைய. பிரமர கீட நியாயம் என்று வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் எடுத்தாளும் உவமை இது. குளவி ஒரு புழுவைத் தூக்கிவந்து மண்கூட்டில் அடைக்கிறது, ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது, அடைபட்ட புழு குளவியையே நினைத்து நினைத்துக் குளவியாகிறது. சங்கரர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணியிலும் இந்தப் புழு வருகிறது. இடைவிடாமல் எதை நினைக்கிறாயோ அதுவாகவே ஆவாய் என்பதற்குச் சான்று.

உவமையில் கண்ட காட்சி பொய்யல்ல. மண்ணால் குடம் போன்ற கூடு செய்யும் வேட்டைக் குளவி, முதலில் வெறுங்கூட்டின் உள்ளே ஒரு முட்டையை மெல்லிய இழையில் தொங்கவிடுகிறது. பிறகு புழுக்களைத் தேடிக் கொட்டுகிறது. நஞ்சு புழுவைக் கொல்வதில்லை, முடக்குகிறது. செத்திருந்தால் இரண்டு நாளில் அழுகிவிடும். பல புழுக்களை இப்படி அடைத்து வாயை மண்ணால் பூசி மூடிப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு அந்தப் புழுக்களை ஒவ்வொன்றாகத் தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, சில வாரத்தில் மண்ணைக் குடைந்து வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. முட்டையைக் காணாதவர் வேறென்ன முடிவுக்கு வருவார்? ரீங்காரமும் உண்மைதான்: ஈர மண்ணைப் பூசும்போது குளவி எழுப்பும் ஓசை அது, மந்திர உபதேசம் அல்ல. (சுவரில் நீளக் குழலாக மண்கூடு கட்டும் வேறொரு குளவி புழுவுக்குப் பதில் சிலந்திகளை அடைக்கும். உடைந்த கூட்டிலிருந்து சிலந்தி விழுந்தால் வியக்க வேண்டாம்.)

இந்த எண்ணம் நம்மிடம் மட்டும் இல்லை. சீனத்தின் பழைய கவிதைத் தொகை நூலிலும் பச்சைப்புழுவைக் குளவி சுமந்து செல்வதாக வரி உண்டு. குளவி அதைத் தன் பிள்ளையாக வளர்க்கிறது என்று உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். தத்துப்பிள்ளைக்கு அந்தப் புழுவின் பெயரே வழங்கியது. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த தாவோ ஹோங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர் கூட்டை நேரில் ஆராய்ந்து, குளவி தன் முட்டையைத்தான் இடுகிறது, புழு அதற்கு உணவு என்று எழுதிவைத்தார். ஆன்மிக உவமையாக நியாயம் நிற்கட்டும். உயிரியலாகப் படித்தால் அந்தப் புழுவின் கதி தியானம் அல்ல, சாப்பாடு.

புழுவும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே உயிர் என்று எப்போது உறுதியானது?

ஒன்றிலிருந்து மற்றது வருவது பட்டு வளர்த்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் குழப்பம். கூட்டுப்புழு இரண்டாவது முட்டை, பழைய உடல் அழிந்து புதிய உயிர் உருவாகிறது என்று இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியே 1651இல் கருதினார். ஆம்ஸ்டர்டாமின் யான் ஸ்வாமர்டாம் 1669இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். கூடு கட்டத் தயாரான புழுவைத் தோலுரித்து, உள்ளே சிறகும் காலும் மடிந்திருப்பதை அவரால் காட்ட முடிந்தது.

ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கியவர். 1679இல் ஐரோப்பியப் புழுக்களைப் பற்றியும், 1699இல் சூரினாம் சென்று திரும்பிய பின் 1705இல் அந்த நாட்டுப் பூச்சிகளைப் பற்றியும் நூல் வெளியிட்டார். முட்டை, புழு, கூடு, பூச்சி எல்லாவற்றையும் அவை தின்னும் செடியோடு ஒரே படத்தில் வரைந்தது அவருடைய பெரிய பங்களிப்பு. எந்தப் புழுவுக்கு எந்தச் செடி என்று தெரியாமல் வளர்க்கவே முடியாது என்பது வளர்த்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

எப்போது மாற வேண்டும் என்று புழுவுக்கு எது சொல்கிறது?

மூளையின் தூண்டலால் மார்புப் பகுதியில் சுரக்கும் எக்டைசோன் என்னும் ஹார்மோன் தோலுரிக்கச் சொல்கிறது. தலையில் சுரக்கும் இளமை ஹார்மோன் எந்த வடிவில் உரிப்பது என்று சொல்கிறது: நிறைய இருந்தால் மறுபடி புழு, குறைந்துபோனால் கூட்டுப்புழு. போலந்தின் உயிரியலாளர் ஸ்டெஃபான் கோபெச் 1917 முதல் 1922 வரை எழுதிய கட்டுரைகளில் முதல் தடயம் கிடைத்தது. கடைசி வளர்நிலைப் புழுவின் நடுவில் நூலால் இறுகக் கட்டினார். உரிய நாளுக்கு முன் கட்டினால் முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவானது, பின்பாதி புழுவாகவே நின்றது. செய்தி தலையிலிருந்து உடல் திரவத்தின் வழியே போகிறது என்று ஆயிற்று. 1954இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் புட்டெனாண்டும் கார்ல்சனும் எக்டைசோனைப் பிரித்தெடுத்தார்கள். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம்.

இளமை ஹார்மோன் பற்றிய சுவையான கண்டுபிடிப்பு ஒரு காகிதத்தால் வந்தது. 1960களின் நடுவில் பூச்சி ஆய்வாளர் கரேல் ஸ்லாமா பிராக் நகரிலிருந்து ஹார்வர்டுக்குத் தன் பூச்சிகளையும் கொண்டுபோனார். நம் பருத்திச் செடியின் சிவப்புப் பூச்சிக்கு உறவான ஐரோப்பிய இனம் அது. பிராக்கில் ஒழுங்காக வளர்ந்தவை அமெரிக்காவில் முதிர மறுத்தன. ஐந்தாம் வளர்நிலைக்குப் பின் முதிராமல் ஆறு, ஏழு என்று பெரிய குஞ்சுகளாகவே வளர்ந்து செத்தன. ஹார்வர்டின் ஆய்வாளர் கார்ரோல் வில்லியம்சோடு சேர்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்ததில், டப்பாவில் விரித்த காகிதத் துண்டுதான் காரணம் என்று தெரிந்தது. நியூயார்க் டைம்ஸ் தாளை விரித்தாலும் அதே கதி, லண்டன் டைம்ஸில் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் காகிதக் கூழுக்கு வெட்டப்படும் ஒரு வகை ஃபர் மரம் இளமை ஹார்மோன் போன்ற பொருளைச் சுரக்கிறது. பூச்சியைக் கொல்லாமல் முதிரவிடாமல் செய்வது அந்தப் பொருள்.

இதனால் நடைமுறையில் என்ன பயன்?

கொசு ஒழிப்பில் பயன்படும் மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிஃபென் இரண்டும் இளமை ஹார்மோனைப் போல நடிப்பவை. தொட்டி நீரில் இட்டால் கொசுப்புழு உடனே சாகாது. கூட்டுப்புழுவாகி, கொசுவாக முடியாமல் அங்கேயே மடியும். மருந்து போட்டு மூன்று நாள் கழித்தும் புழு நெளிகிறதே என்று புகார் வருவது இதனால்தான். கொசு வெளியேறுகிறதா என்று பார்த்துத்தான் இந்த மருந்தை மதிப்பிட வேண்டும்.

பட்டு வளர்ப்பில் எதிர்த்திசைப் பயன். செடியிலிருந்து எடுக்கும் எக்டைசோன் வகைப் பொருளை மல்பெரி இலையில் தெளித்துக் கொடுத்தால் புழுக்கள் ஒன்றுபோலப் பழுக்கும், அதாவது ஒரே சமயத்தில் கூடு கட்டத் தயாராகும். சந்திரிகையில் (புழு கூடு கட்டும் தட்டில்) விடும் வேலை ஒரே வீச்சில் முடியும். சில புழுக்கள் பழுக்கத் தொடங்கிய பிறகே கொடுக்க வேண்டும். முந்திக் கொடுத்தால் புழு வயிறு நிறையாமலே கூடு கட்டிவிடும், கூட்டின் எடை குறையும்.

பட்டுக்கூட்டை ஏன் பூச்சி வெளிவருமுன் அவிக்கிறார்கள்?

ஒரு கூடு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத் தொடர் இழை. உள்ளிருக்கும் அந்துப்பூச்சி ஒரு திரவத்தால் பசையை இளக்கி, இழைகளை விலக்கித் துளை போட்டு வெளிவரும். அந்தக் கூட்டிலிருந்து நீள இழை நூற்க முடியாது, பஞ்சு போலத்தான் நூற்கலாம். சந்திரிகையில் விட்ட ஐந்தாம் நாளுக்கு முன் கூட்டை எடுத்தால் உள்ளே புழு முழுதாகக் கூட்டுப்புழுவாகியிருக்காது, நசுங்கிக் கூட்டைக் கறைப்படுத்தும். தாமதித்தால் பூச்சி வந்துவிடும். உருமாற்றத்தின் நாட்கணக்கு இங்கே நேரடியாகக் காசு.

எல்லாப் பூச்சிக்கும் கூட்டுப்புழுப் பருவம் உண்டா?

இல்லை. வெட்டுக்கிளி, கரப்பான், தும்பி ஆகியவை குஞ்சாகப் பிறந்து தோலுரித்து உரித்துச் சிறகு பெறும். ஆனால் பூச்சி இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் முழு உருமாற்றம் கொண்டவை: வண்டு, ஈ, குளவி, எறும்பு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் அந்த வகை. புழுவும் பூச்சியும் ஒரே உணவுக்குப் போட்டியிடாததே அந்த வகையின் வெற்றிக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

தலைப்பிரட்டை தவளையாவதும் இதே முறையா?

வேறு வழி. அங்கே தைராய்டு ஹார்மோன். 1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் குதிரையின் தைராய்டைத் தலைப்பிரட்டைக்கு ஊட்டியபோது அவை ஈயளவுத் தவளைகளாக அவசரமாக மாறின. வாலின் பொருளை உடலே உறிஞ்சிக்கொள்கிறது, தாவரம் தின்ற நீளக் குடல் சுருங்குகிறது. முன்னங்கால் வந்ததும் தின்பது சில நாள் நிற்கும், அப்போது இரை போட்டால் தண்ணீர்தான் கெடும். அதே சமயம் தொட்டியில் ஏறி உட்காரக் கல் வேண்டும்; இல்லாவிட்டால் மூச்சு நுரையீரலுக்கு மாறிய குட்டித் தவளை மூழ்கும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்றுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் பலவற்றுக்கு நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான்.

புழுவாக இருந்தது பூச்சிக்கு நினைவிருக்குமா?

ஓரளவு. 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் புகையிலைக் கொம்புப்புழுவுக்கு ஒரு வாடையையும் லேசான மின் அதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கினார்கள். கடைசி வளர்நிலையில் பழகியவை அந்துப்பூச்சியான பின்னும் அந்த வாடையை ஒதுக்கின. மூன்றாம் வளர்நிலையில் பழகியவை மறந்திருந்தன. பிந்தி உருவாகும் மூளைப் பகுதி உருமாற்றத்தைத் தாண்டி நிலைப்பதே காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

காஃப்காவின் கிரெகோர் சம்சா உயிரியல்படி எந்தப் பூச்சி?

காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையில் ஒரு காலையில் பூச்சியாக மாறிக் கண்விழிப்பவன் சம்சா. அது எந்தப் பூச்சி என்ற கேள்வியையே காஃப்கா விரும்பவில்லை. 1915இல் நூல் வரும்போது, அட்டையில் பூச்சியை வரைய வேண்டாம், தூரத்திலிருந்துகூடக் காட்ட வேண்டாம் என்று பதிப்பகத்துக்கு எழுதினார். உயிரியலோடு ஒப்பிட்டால் கதை தலைகீழாக நடக்கிறது. பூச்சி உலகில் உடல் வாரக்கணக்கில் தயாராகிறது. புழுவின் இலைப்பசி போய்ப் பூவின் தேன் தேடும் நடத்தை வருகிறது. சம்சாவுக்கு உடல் ஓரிரவில் மாறிவிடுகிறது, வேலைக்கு ரயில் பிடிக்க வேண்டிய கவலை மட்டும் மாறவில்லை. ரோமக் கவிஞர் ஓவிட் 15 பாகமாக எழுதிய உருமாற்றக் காவியத்திலும் இதே வழக்கம்: நெசவில் செருக்குற்ற அரக்னி சிலந்தியாக்கப்பட்ட பின்னும் நெய்துகொண்டே இருக்கிறாள். இலக்கியத்துக்கு, மாறிய உடலுக்குள் மாறாத ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அவமானப்படவும் வருந்தவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

அகலிகை கல்லானதையும் உருமாற்றக் கதையாக எடுக்கலாமா?

எடுக்கலாம், எந்த அகலிகை என்று சொல்லிவிட்டு. வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் தவம் இருக்கிறாள். கம்பனில்தான் கல், இராமனின் பாதத்துகள் பட்டு எழுகிறாள். புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்தில் அதற்குப் பிறகு நடப்பதை எழுதினார்: சீதையை இராமன் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். முதல் கல் மற்றவர் இட்ட சாபம், இரண்டாவது கல் அவளுடைய பதில். உருமாற்றத்தைத் தண்டனையிலிருந்து பிரித்து மறுப்பாக்கிய இடம் அது. நம் இலக்கியத்தில் இந்தக் கருத்தைப் படிக்க விரும்புபவர்கள் காஃப்காவுக்கு முன் அங்கே தொடங்கலாம்.

கூடு விட்டுக் கூடு பாய்தல்?

அது இந்த வகையில் சேராது. இறந்த மூலன் என்னும் இடையனின் உடலில் சிவயோகியார் புகுந்து திருமூலரானார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அங்கே இரண்டு உடலும் உருவம் மாறவில்லை, குடியிருப்பவர் மட்டும் இடம் மாறினார். அகலிகையில் ஆள் ஒருத்தி, உருவம் இரண்டு. திருமூலர் கதையில் ஆள் ஒருவர், உடல் இரண்டு. குளவிக் கூட்டில் உடலும் இரண்டு, உயிரும் இரண்டு. ஓர் உடலே இன்னோர் உருவத்தைத் தனக்குள் தயார்செய்து வெளியிடுவது கறிவேப்பிலைச் செடியில் நடப்பது மட்டும்தான்.